மூன்று வயதில் ஆடும் பல்

பால் பற்கள் பெரும்பாலும் 6 வயதையொட்டியே ஆடத் தொடங்கும். 2, 3 வயதுக் குழந்தையின் கடைவாய்ப் பல், அடிபடாமலும் சொத்தையில்லாமலும் ஆடுமாயின் அஃது இயல்பன்று. ஈறு வீங்கும், இரத்தம் கசியும், குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லும். சூட்டினால் வந்தது என்று எண்ணி உப்பு நீரால் வாய் கொப்பளிக்கச் செய்து நாட்களைக் கடத்துவோர் உளர். விடியுமுன் மரம் வெட்டச் செல்லும் பெற்றோர்க்கு ஒரு நாள் வேலையை விடுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் இந்த ஆட்டத்தைப் பொறுத்திருந்து பார்த்தல் ஆகாது.

இதற்குக் காரணம் சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம். மருந்து உட்கொண்டும் வீக்கம் வடியாவிடில் மீண்டும் செல்லுங்கள். மிக அரிதாக, லாங்கர்ஹான்ஸ் உயிரணு நோய் என்பது தாடை எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். பத்து லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு நான்கைந்து பேருக்கே இது வருகின்றது.

பால் லாங்கர்ஹான்ஸ் என்பார் 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்தபோது, தோலில் கிளைவிட்ட உயிரணுக்களைக் கண்டார். கிருமிகளை அடையாளங்காணும் காவலர் போன்றவை அவை. அவற்றையொத்த உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகி ஓரிடத்தில் குவிவதே இந்நோய். இது தொற்றாது. தாய் உண்ட உணவாலோ பிறர் கண்பட்டதாலோ வருவதுமன்று. பாதிப் பேருக்கு மேல், அவ்வுயிரணுக்களுக்குள் பெற்றோரிடமிருந்து வராத ஒரு மாற்றம் இருப்பதை 2010-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

சிம்பாங் அம்பாட் வட்டாரத்தார், முதலில் அரசாங்கப் பல் கிளினிக்கில் குழந்தையைக் காட்டி எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்கலாம். எலும்பு கரைந்திருப்பின், பற்கள் பிடிப்பின்றி மிதப்பனபோல் அப்படத்தில் தோன்றும். அங்கிருந்து அலோர் காஜா, மலாக்கா மருத்துவமனைகளுக்கு அனுப்பக்கூடும். தலையில் நீங்காத செதில், காதில் ஓயாத சீழ், அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும் இருப்பின், கேளாமலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். பல்லுக்கும் தாகத்திற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இந்நோயில் தொடர்பு உண்டு.

எக்ஸ்ரே ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. பால் வற்றிய மரத்தின் பட்டையைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தே உள்நிலையை அறிகிறோம் அல்லவா? அவ்வாறே, மயக்கமருந்து கொடுத்துச் சிறிது தசையை எடுத்துச் சோதிப்பர். கத்தி பட்டால் நோய் பரவும் என்றஞ்சிக் கையொப்பமிட மறுக்கும் பெற்றோர் உண்டு. அவ்வாறு பரவுவதில்லை, இச்சோதனையின்றி நோயின் பெயரை உறுதிசெய்யவும் இயலாது. பின்னர் வேறு எலும்புகள், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றையும் சோதிப்பர்.

ஒரே எலும்பில் நின்ற நோய், சுரண்டி எடுத்ததோடு ஆறிவிடுவதும் உண்டு. பரவியிருப்பின் ஏறத்தாழ ஓராண்டு வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசோலோன் மருந்தும் தருவர். குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் கவனிக்கிறார் என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டா. பெரும்பாலான குழந்தைகள் நலமடைகின்றனர். நோய் திரும்பக்கூடுமாதலால், அதன்பின் பல ஆண்டுகள் குறித்த நாளில் குழந்தையைக் காட்டிவர வேண்டும்.

வின்பிளாஸ்டின், நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1958-இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது. இதைக் கேட்டு இலையைக் காய்ச்சிக் குழந்தைக்குப் புகட்டிவிடாதீர்கள். அச்செடி நச்சுத்தன்மை உடையது. மருத்துவமனையிலோ, குழந்தையின் உடலளவைக் கணக்கிட்டு, மிகச் சிறிய அளவே நரம்பில் ஏற்றுகின்றனர்.