இருதயத்தைப் பின்தொடர்ந்த மூட்டை

படுக்கையில் மல்லாந்து கிடக்கும் நோயாளியிடம் எடுக்கப்படும் இ.சி.ஜி. சில விநாடி நேரத்து இருதயத்தைத்தான் காட்டுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கும் அவ்வுறுப்பு, மாடிப்படி ஏறும்போதோ நடுநிசி உறக்கத்திலோ தாளம் தப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பரம சாதுவாக நடந்துகொள்ளுமானால் வைத்தியர் பாவம், என்ன செய்வார்?

அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்திலுள்ள ஹெலெனா நகரில் 1914-இல் பிறந்த நார்மன் ஜெஃப்ரிஸ் ஹோல்ட்டர் வைத்தியர் அல்லர், விஞ்ஞானி; 1946-இல் பிகினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையின்போது கடலலைகளை ஆராய்ந்தவர். நடமாடும் மனிதனின் இருதயத்தையே அறியவேண்டுமென்ற ஆவலால், அதன் மின்னசைவுகளை ரேடியோ மூலம் அனுப்பும் யந்திரமொன்றைச் செய்து, தம் முதுகிலேயே சுமந்து சோதித்தார். எடை 85 ராத்தல்! வியாதி இல்லாதவனுக்கும் அதனால் வியாதி வந்திருக்கும்.

டிரான்சிஸ்டரின் தயவால் மூட்டை சிறுத்தது. காந்த நாடாவில் பதியும் முறையை 1961-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர் வெளியிட்டார். ஆயினும் அவருடைய மேதாவிலாசம் வெளிப்படுவது, கருவியைச் சுருக்கியதைவிடப் பதிவைப் படித்த விதத்தில்தான் என்பேன்: மணிக்கணக்கில் ஓடிய நாடாவை 60 மடங்கு வேகத்தில் ஓட்டி, துடிப்பின்மேல் துடிப்பாகத் திரையில் ஒரே இடத்தில் விழச் செய்தபோது, ஒழுங்கானவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தோன்ற, முறை தவறிய துடிப்பு மட்டும் பந்தி நடுவில் எழுந்து நின்றவனைப்போல் பளிச்சென்று தெரிந்தது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஹோல்ட்டர் என்றே வழங்கும் அக்கருவி இன்று உள்ளங்கையில் அடங்கும். இக்காலத்து 'ஸ்மார்ட்' கைக்கடிகாரமோ பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் பெருகி வடிவதற்கேற்ப அவ்வொளி மாறுவதைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. 2019-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆப்பிள் கடிகார ஆராய்ச்சியில் பங்குகொண்ட 4,19,297 பேரில் 2,161 பேருக்குத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாக எச்சரிக்கை வந்தது. அவர்களுள் மார்பில் இ.சி.ஜி. பதியும் பட்டை ஒட்டிச் சோதித்துக்கொண்ட 450 பேரில் 34 சதவீதத்தினரிடமே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாளக்கோளாறு காணப்பட்டது. மற்றவர்களிடம் கடிகாரம் பொய் சொல்லிற்றென்று தீர்ப்பளித்துவிடலாகாது. வந்து வந்து போகும் கோளாறு, பட்டை ஒட்டியிருந்த நாட்களில் வராமலே இருந்திருக்கலாம்.

ஹோல்ட்டர் அணிவோரிடம் ஒரு தாளைக் கொடுத்து, எத்தனை மணிக்கு என்ன செய்தோம், எப்போது படபடத்தது என்று குறிக்கச் சொல்வது வழக்கம். பலர் அதை அசட்டையாக வெறுந்தாளாகவே திருப்பித் தந்துவிடுகிறார்கள். மூன்று மணிக்குத் துடிப்பு 140 என்று பதிவு சொல்லும்; பஸ்ஸைப் பிடிக்க ஓடினாரா என்பதைக்கூடக் கடிகாரத்திலுள்ள அசைவுமானி சொல்லிவிடும். கடன்காரனை எதிரில் கண்டாரா என்பதை அவரேதான் எழுதவேண்டும்.