கடைசிப் பத்து நிமிடங்களின் பொருளாதாரம்

கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் கால்பந்து ஆட்டம் எண்பதாவது நிமிடத்தைக் கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. அதுவரை பந்தைத் துரத்தி ஓடிய அந்த அணியின் வீரர்கள் திடீரென நிதானசாலிகளாகிவிடுகின்றனர். லேசாக இடிபட்டவர் புல்தரையில் உருண்டு புரள்கிறார். கோல்கீப்பர் பந்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொள்கிறார். மாற்று வீரருக்கு வழிவிட வேண்டியவர் மைதானத்தின் மறுகோடியிலிருந்து மாலை உலா வருபவரைப் போல நடந்து வருகிறார்.

பார்வையாளர்களில் ஒரு பாதியினர் இதை ஏமாற்று வேலை என்று கூச்சலிடுகின்றனர். மறு பாதியினர் அனுபவத்தின் முதிர்ச்சி என்று பாராட்டுகின்றனர். அடுத்த ஆட்டத்தில் நிலைமை தலைகீழானால், இரு தரப்பினரும் தத்தம் சொற்களைப் பரிமாறிக்கொள்வார்கள்.

கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இக்காட்சியை ஒழுக்கத்தின் வீழ்ச்சியாக என்னால் பார்க்க முடியவில்லை. விதிகள் எதற்குப் பரிசளிக்கின்றனவோ அதையே மனிதர்கள் செய்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. வீரர்களின் நடத்தைக்கு மட்டுமல்லாமல், ரசிகர்களின் நடத்தைக்கும் இது பொருந்தும்.

முதலில் இந்தப் பகைமையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். மோகன் பகான் 1889-இல் தொடங்கப்பட்டது. 1911-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், வெறுங்காலுடன் ஆடிய வீரர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட அந்த அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தியது. பின்தங்கியிருந்த நிலையிலிருந்து ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பெற்ற வெற்றி அது. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த வீரருக்கு ஓர் அணியில் இடம் மறுக்கப்பட்டதால் எழுந்த மனக்கசப்பிலிருந்து 1920-இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது எல்லை தாண்டி வந்த அகதிகளுக்கு அந்த கிளப்பே இழந்த ஊரின் அடையாளமாயிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று கொல்கத்தாவின் சமையலறைகள்கூடப் பிரிந்து நின்றன. 1997-இல் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியைக் காண சுமார் 1,31,000 பேர் திரண்டனர்.

இத்தகைய பற்றுக்கு ஒரு விலையும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இவ்விரு அணிகளும் ஆடியபோது, களத்தில் இரு வீரர்களிடையே எழுந்த உரசல் பார்வையாளர் மாடத்துக்குப் பரவியது. மோதலிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. ஆட்டத்தின் பதற்றம் எப்படி உருவாகிறது என்ற கேள்வி வெறும் அரட்டைக்குரியதன்று என்பதற்கு இந்த ஓர் எண்ணிக்கையே போதும்.

இனி அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு வருவோம். பொருளியலின் அடிப்படை பற்றாக்குறை. ஆட்டத்தின் முடிவில் பற்றாக்குறையாக இருக்கும் சரக்கு நேரம். முன்னிலையில் உள்ள அணிக்கு, பந்து ஆட்டத்தில் இல்லாத ஒவ்வொரு நொடியும் வரவு; பின்தங்கிய அணிக்கு அதே நொடி செலவு. பின்தங்கிய அணிக்கு ஒரு கோல் வித்தியாசத் தோல்வியும் இரண்டு கோல் வித்தியாசத் தோல்வியும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே அது தன் தற்காப்பைத் துறந்து எல்லோரையும் முன்னே அனுப்புகிறது. கடைசி நிமிடத்துக் கார்னர் வாய்ப்பின்போது கோல்கீப்பரே எதிரணியின் கோல் பகுதிக்கு ஓடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது பைத்தியக்காரத்தனமன்று, இழப்பதற்கு எதுவும் மிச்சமில்லாதவரின் கணக்கு.

2023-ஆம் ஆண்டு டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 62-ஆவது நிமிடத்தில் அனிருத் தாபா வெளியேற்றப்பட்டதால் மோகன் பகான் பத்து வீரர்களுடன் ஆட நேர்ந்தது. ஆனால், 71-ஆவது நிமிடத்தில் திமித்ரி பெட்ராட்டோஸ் கோல் அடித்தார். அதன்பின் எஞ்சியிருந்த நேரம் முழுவதும், ஓர் ஆள் குறைவாக இருந்த அணி அந்த ஒற்றைக் கோலைக் காத்துக் கோப்பையை வென்றது. அத்தகைய நிலையில் எந்த அணியாக இருந்தாலும் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்து மூச்சு வாங்கவே முனையும்.

விதியை மாற்றினால் நடத்தை மாறுமா? மாறும், ஆனால் நாம் நினைத்த திசையில்தான் மாறும் என்பதற்கு உறுதியில்லை. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் என்றிருந்ததை 1981-இல் இங்கிலாந்து மூன்றாக உயர்த்தியது. 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. அணிகள் டிராவில் திருப்தியடையாமல் கோலடிக்க முனையும் என்பது எதிர்பார்ப்பு. ஸ்பெயின் நாட்டு லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள் லூயிஸ் காரிகானோவும் இக்னாசியோ பலாசியோஸ்-உவெர்தாவும் கண்டது வேறு. அணிகள் தாக்குதலுக்குக் கூடுதல் முயற்சி எடுத்தது உண்மையே. ஆனால், ஒரு கோல் முன்னிலை பெற்றவுடன் தாக்குதல் வீரர்களைக் குறைத்துத் தற்காப்பைப் பெருக்கின. எதிராளியின் ஆட்டத்தைக் குலைக்கும் தவறுகள் கூடின. கோல்களின் எண்ணிக்கையோ உயரவில்லை. வெற்றியின் மதிப்பு கூடியபோது, கையிலிருக்கும் வெற்றியைப் பூட்டிவைக்கும் ஆசையும் சேர்ந்தே கூடியது.

இங்கே ரசிகர்களின் பங்கு என்ன? கானிஸ் பிரென்டர்காஸ்டுடன் சேர்ந்து அதே ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஸ்பெயினில், நெருக்கமான ஆட்டங்களில் உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் முடிவில் அதிக நிமிடங்களைச் சேர்த்தனர். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் விரைவாக முடித்தனர். கோல் வித்தியாசம் பெரிதாக இருந்தபோது இந்தச் சாய்வு காணப்படவில்லை. யாரும் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவுமில்லை. பல்லாயிரம் தொண்டைகளின் ஓசை ஒரு மனிதரின் கைக்கடிகாரத்தைத் தள்ளிவைத்தது, அவ்வளவே. கரோனா காலத்தில் ஆளில்லா அரங்குகளில் ஆடியபோது பல லீக்குகளில் உள்ளூர் அணிக்குரிய சாதகம் குறைந்ததும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஆக, ரசிகர் வெளியிலிருந்து பார்ப்பவர் மட்டுமல்லர். ஆட்டத்தின் ஓர் உறுப்பாகவே இருக்கிறார். தன் குரலுக்குப் பலன் உண்டு என்பதைப் படித்தறியாமலே அவர் உணர்ந்திருக்கிறார். ஒரே மைதானத்தில் இரு தரப்பு ரசிகர்களும் பெருந்திரளாக அமரும் கொல்கத்தா ஆட்டத்தில் இந்த அழுத்தம் இரு திசைகளிலிருந்தும் வருகிறது. நடுவர் எத்தனை நிமிடங்கள் கொடுத்தாலும் ஒரு பாதிக்கு அது துரோகமாகவே தெரியும்.

இந்தச் சந்தேகத்தின் வேர் கடிகாரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். எல்லோரும் அதைப் பார்க்கலாம். கால்பந்தில் கடிகாரம் நிற்பதில்லை. 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருளுவது ஏறத்தாழ 55 முதல் 60 நிமிடங்களே. இழந்த நேரத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பது நடுவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. தகவல் ஒருவரிடம் மட்டும் குவிந்திருக்கும் இடத்தில் வதந்தியும் கோபமும் விளைவது சந்தைகளில் நாம் அன்றாடம் காண்பதுதான்.

கால்பந்து நிர்வாகிகளும் இதை மெல்ல உணர்ந்துவருகின்றனர். 2022 கத்தார் உலகக் கோப்பையில் விரயமான நேரத்தைக் கறாராகக் கணக்கிட்டதால், இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்தில் இரு பாதிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 27 நிமிடங்கள் கூடின. மற்றொரு மாற்றம் இன்னும் சுவையானது. கோல்கீப்பர் பந்தை ஆறு நொடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால், கோலுக்கு மிக அருகில் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்பது பழைய விதி. தண்டனை மிகக் கடுமையாக இருந்ததால் நடுவர்கள் அதைப் பயன்படுத்தவே தயங்கினர். விதி ஏட்டளவில் கிடந்தது. 2025-26 பருவத்திலிருந்து வரம்பு எட்டு நொடிகள். மீறினால் எதிரணிக்கு கார்னர் வாய்ப்பு மட்டுமே. கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கையை உயர்த்தி எல்லோரும் காண எண்ணுகிறார். அரிதாக விழும் பெரிய தண்டனையைவிடத் தவறாமல் விழும் சிறிய தண்டனையே நடத்தையைத் திருத்தும் என்ற பழைய பாடம் இங்கே விதியாகியிருக்கிறது.

மாடத்திலிருந்து கல்லெறிபவரையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். 2012 டிசம்பர் 9 அன்று ஐ-லீக் ஆட்டத்தில் மாடத்திலிருந்து வந்த செங்கல் தாக்கி மோகன் பகான் வீரர் சையத் ரஹீம் நபி காயமடைந்தார். பாதுகாப்பில்லை என்று கூறி அந்த அணி இரண்டாம் பாதியில் களமிறங்க மறுத்தது. முதலில் விதிக்கப்பட்ட தடை பின்னர் விலக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதமும் புள்ளிகள் இழப்பும் தண்டனையாயின. எறிந்தவருக்குக் கிடைத்தது ஒரு நொடி ஆத்திரத் தணிவு. அதன் செலவைச் சுமந்தவர்கள் காயம்பட்ட வீரரும், கிளப்பும், லட்சக்கணக்கான ரசிகர்களும். ஒருவரின் செயலுக்கான செலவைப் பிறர் சுமப்பதைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. ஆலைக் கழிவுக்குச் சொல்லும் தீர்வே இதற்கும் பொருந்தும்: செலவைச் செய்தவரிடமே சேர்ப்பது. எண்ணிட்ட இருக்கை, பெயர் பதிந்த அனுமதிச்சீட்டு, கண்காணிப்புக் கேமரா, தவறு செய்த தனிநபருக்கு மட்டும் மைதானத் தடை ஆகியவை கூட்டம் முழுவதையும் தண்டிப்பதைவிட நியாயமானவை, பலனும் தருபவை.

பகைமையையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 18-ஐ நினைவூட்டலாம். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டதால் நகரமே கொந்தளித்திருந்த வேளை. அன்று நடைபெறவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாதபோதும் இரு அணிகளின் ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே திரண்டனர். சிவப்பு-தங்கநிறக் கொடியும் பச்சை-மெரூன் கொடியும் அருகருகே உயர, நீதி கேட்டு ஒரே முழக்கத்தை எழுப்பினர். 44 ஆண்டுகளுக்கு முன் அதே ஆகஸ்ட் மாதத்தில் மோதலில் முடிந்த அதே பற்றுதான், அன்று ஒரு தெருவை ஒன்றாக நிரப்பியது.

பற்று ஒன்றே, அது பாயும் வாய்க்கால்தான் வேறு. கடைசிப் பத்து நிமிடங்களில் நேரம் கடத்தும் வீரருக்கும், அதைக் கண்டு கொதிக்கும் ரசிகருக்கும் நல்லொழுக்க உபதேசம் செய்வது எளிது. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் கடிகாரத்தை மாட்டுவதும், சிறியதாயினும் தப்பாத தண்டனையை வகுப்பதும், பாதுகாப்பான மாடங்களைக் கட்டுவதும் கடினம். ஈடன் கார்டன்ஸில் மாண்ட 16 பேருக்கு நாம் பட்டிருக்கும் கடன், அந்தக் கடினமான வேலையைச் செய்வதே.