அபாயப் பட்டியலில் இல்லாத சரக்கு
(தொடர் – 9)

கொச்சித் துறைமுகத்துக்குள் வரும் எந்தக் கப்பலுக்கும் ஒரு பக்கம் ஃபோர்ட் கொச்சி, மறு பக்கம் வைப்பின். கன்டெய்னர் கப்பல்கள் வல்லார்பாடத்துக்குப் போய்விடும். எல்என்ஜி கப்பல்கள் வைப்பின் தீவின் தென்முனையான புதுவைப்பிலேயே நிற்கும். அங்கே 2013இல் தொடங்கிய முனையத்துக்கு, மைனஸ் 162 டிகிரிக் குளிரில் திரவமாக்கிய எரிவாயு வருகிறது. காவலும் கட்டுப்பாடும் அதற்கேற்பக் கடுமை. அதே புதுவைப்பில் எல்பிஜி கிடங்கு வேண்டாமென்று போராடியவர்கள் 2017இல் போலீஸ் தடியடியும் பட்டார்கள். ஆபத்து என்றால் எரியும், வெடிக்கும் என்பதே ஊர் கண்ட கணக்கு. கப்பல் விதிகளின் கணக்கும் ஏறக்குறைய அதுதான்.

2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல், கொச்சியிலிருந்து சுமார் 38 கடல் மைல் தொலைவில் 26 டிகிரி சாய்ந்தது. மறுநாள் காலை மூழ்கியது. 1997இல் கட்டிய கப்பல், லைபீரியக் கொடி. எதிலும் மோதவில்லை. கப்பலை நிமிர்த்தி வைக்கும் பாலாஸ்ட் நீர் அமைப்பில் கோளாறு என்பதே முதலில் சொல்லப்பட்ட காரணம். 21 பேரைக் கடலோரக் காவல் படையும், கடைசிவரை கப்பலில் இருந்த மூவரை ஐஎன்எஸ் சுஜாதாவும் மீட்டன. உயிர்ச்சேதமே இல்லாத இந்த மீட்பு பாராட்டத் தக்கது.

சிக்கல் சரக்கில் இருந்தது. மொத்தம் 640 கன்டெய்னர்கள். அபாயச் சரக்கு 13இல், கால்சியம் கார்பைட் 12இல் என்றார்கள். மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்கவைக்கும் அதே கார்பைட் கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். எரிபொருள் தொட்டிகளில் 367 டன் பர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. எல்லார் கண்ணும் இவற்றின் மேலேயே இருந்தது.

கரைக்கு மூட்டை மூட்டையாக வந்ததோ பிளாஸ்டிக் குருணை. வாளியும் குடமும் வார்க்கப் பயன்படும் வெள்ளை மணிகள். திருவனந்தபுரம் கடற்கரைகளில் ஒதுங்கி, கன்னியாகுமரி தாண்டி, தனுஷ்கோடி மணலிலும் கிடந்தன. சல்லடையும் துடைப்பமுமாகத் தொண்டர்கள் அள்ளினார்கள். மணலோடு கலந்தபின் எவ்வளவுதான் அள்ள முடியும்?

நச்சில்லை, எளிதில் தீப்பிடிக்கும் பொருளில்லை என்பதால், கப்பலேறும் அபாயப் பொருள் வரிசையில் இந்தக் குருணைக்கு இடமில்லை. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது சுமார் 1,680 டன் குருணை இலங்கைக் கரையை மூடிய பிறகும் இதுதான் நிலை. 2024இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சில பரிந்துரைகளை வெளியிட்டது: உறுதியான பொதியில் அடையுங்கள், ஆவணத்தில் குறிப்பிடுங்கள், முடிந்தவரை மேல்தளத்தில் அடுக்காதீர்கள். கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் தண்டனை இல்லை. இன்றைய கப்பலுக்குச் செயற்கைக்கோள் வழி காட்டுகிறது. எல்சா 3இன் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியல் கரையிலிருப்பவர்களுக்குத் தெரியவோ பல நாள் ஆயிற்று.

கேரள அரசு உயர்நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. கப்பல் தரப்பு 1,227.62 கோடிக்குப் பிணைத்தொகை கட்டும்படி நீதிமன்றம் செப்டம்பரில் சொன்னது. எர்ணாகுளம் உள்ளிட்ட நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு முதலில் அறிவித்த உதவி, தலைக்கட்டுக்கு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும். மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை; மீனில் நஞ்சு என்ற பேச்சில் விலையும் சரிந்தது. ஜூன் 9 நள்ளிரவில் வழக்கமான 52 நாள் இழுவலைத் தடையும் சேர்ந்துகொண்டது.

அது முடிந்து ஆகஸ்டில் கடலேறிய விசைப்படகுகளுக்கு வேறொரு கவலை. இழுவலை கடலடியை உரசியே வரும். அங்கே கிடக்கும் இரும்புப் பெட்டியில் சிக்கினால் வலை கிழியும். எந்தப் பெட்டி, யாருடையது என்று காட்டாமல் நஷ்டஈடு கேட்கவும் முடியாது. அந்தப் பெட்டிகளை எடுக்கவேண்டியவர் யார் என்பதற்கு 2007இன் நைரோபி உடன்படிக்கை சொல்லும் பதிலை அடுத்த வாரம் பார்ப்போம்.