பயங்கரவாதம்: சட்ட வரையறைகளும் போர்க்களச் செயல்களும்

பயங்கரவாதத்திற்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்ற வரையறை இன்றுவரை இல்லை. 1937இல் சர்வதேச சங்கம் வகுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. ஐக்கிய நாடுகள் அவையோ விமானக் கடத்தல், பணயக் கைதிகள், குண்டுவெடிப்பு எனக் குற்றங்களைத் தனித்தனியே எடுத்து உடன்படிக்கைகள் செய்தது. பொது வரையறையை ஒவ்வொரு நாடும் தானே வகுத்துக்கொண்டது. இவ்வரையறைகள் பெரிதும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு: போரில் நிகழும் தாக்குதல் பயங்கரவாதமா? புலம்பெயர்ந்த தமிழர் பலரின் அகதி விண்ணப்பங்கள் இவ்வினாவைச் சார்ந்தே முடிவாகியுள்ளன.

கனடிய உச்ச நீதிமன்றம் 2002இல் சுரேஷ் வழக்கில் இதனை எதிர்கொண்டது. அகதியாக ஏற்கப்பட்ட ஒருவரை இலங்கைக்கு நாடுகடத்துவது பற்றிய வழக்கு அது. அன்றைய குடிவரவுச் சட்டம் பயங்கரவாதம் என்னும் சொல்லை வரையறுக்காமலே ஆண்டிருந்தது. பயங்கரவாத நிதியளிப்பைத் தடுக்கும் 1999ஆம் ஆண்டு உடன்படிக்கையிலிருந்து நீதிமன்றம் பொருளைப் பெற்றது: மக்களை அச்சுறுத்தவோ அரசை நிர்ப்பந்திக்கவோ, குடிமக்களை அல்லது மோதலில் பங்கேற்காத பிறரைக் கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ எண்ணிச் செய்யும் செயல். போரிடும் படைவீரர் மீதான தாக்குதல் இதனுள் அடங்காது என்பது நோக்கத்தக்கது.

கனடாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் அரசியல், சமய, கருத்தியல் நோக்கத்தையும் வேண்டுகிறது; ஆயினும் சர்வதேசச் சட்டத்திற்கு இணங்கிய போர்ச் செயல்களை விலக்குகிறது. பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விலக்கு இல்லை. அதில் ‘அரசு’ என்பது எந்நாட்டு அரசையும் குறிக்கும். கொடுங்கோல் அரசும் அதில் சேரும். 2013இல் குல் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இவ்விரிந்த பொருளை உறுதி செய்தது. அதன் அகலம் பற்றிக் கவலையும் தெரிவித்தது. நீதிபதிகளே கவலையுறும் வரையறையைத் திருத்தாமல் வைத்திருப்பது முறையன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017 மார்ச்சில், விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டியமை தொடர்பாக நெதர்லாந்திலிருந்து வந்த வழக்கில், ஆயுத மோதலின்போது படையினர் செய்யும் செயல்களும் ஒன்றியச் சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல்களாகலாம் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே தாக்குதல் ஒரு நாட்டில் போர்ச் செயலாகவும் மற்றொன்றில் பயங்கரவாதமாகவும் கொள்ளப்படக்கூடும். இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டமோ பயங்கரவாதத்தைப் பெயரில் தாங்கியும் அதனை வரையறுக்கவில்லை. குற்றங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகிறது.

தமிழ் வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் இதழ்கள் தீவிரவாதம், பயங்கரவாதம் என்னும் இரண்டையும் ஒரு பொருட்சொற்களாகவே ஆள்கின்றன. பிரித்தானியச் சட்டத்தில் தீவிரக் கொள்கை தன்னளவில் குற்றமன்று. பயங்கரவாதம் தொடர்பான செயல்களே குற்றம். அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒன்றனுக்கு மற்றொன்றை இட்டால், விண்ணப்பதாரர் சொல்லாத ஒன்று அவர் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும்.