கொதிக்கும் பூமியில் ஒரு பகல்

நம் வீடுகளில் குளியலறைச் சுவரில் ஒரு 'கீஸர்' மாட்டியிருக்கிறோமே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமோ? ஐஸ்லாந்து தேசத்தில் 'கெய்ஸிர்' என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. பூமியிலிருந்து தானாகவே பீறிட்டு ஆகாயத்தில் பாய்ந்த ஊற்று. அந்தப் பெயரைத்தான் நாம் சுவரில் மாட்டிக்கொண்டு மாதா மாதம் கரண்டு பில் கட்டுகிறோம்.

உலகத்தில் இப்படித் தானே பொங்கிப் பாயும் ஊற்றுகளில் பாதிக்குப் பாதி ஒரே இடத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அது. சுமார் 9,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், மொன்டானாவிலும் ஐடஹோவிலும் கொஞ்சம் கொஞ்சம். சுடுநீர் ஊற்று, நீராவித் துளை, சேற்றுக் கொப்பரை எல்லாம் சேர்த்து எண்ணினால் பதினாயிரத்துக்கு மேல். 1872 மார்ச் 1-ந் தேதி பிரஸிடெண்ட் கிராண்ட் கையெழுத்துப் போட்டு, உலகத்தின் முதல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால், ஆறு மாத விஸாவில் போகும்போது இந்தப் பெயர் ஒரு நாள் வீட்டில் அடிபடாமல் போகாது. "நாமே காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், இதற்கு எதற்கு வழிகாட்டி?" என்று மாப்பிள்ளை சொல்வார். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

எழுபத்திரண்டு வயது அத்தை, அவர் பிள்ளை, மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள், நான். முதல் நாள் நாங்களே போனோம். காட்டெருமைக் கூட்டம் சாலையின் நடுவில் படுத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் எழுந்திருக்க மறுத்தது. வண்டி நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் கழிந்தது. டெலிபோனில் சிக்னல் இல்லை. புகழ்பெற்ற 'ஓல்ட் ஃபெயித்ஃபுல்' கீஸருக்கு நாங்கள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, ஜனங்கள் எழுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் முன்னால்தான் பாய்ந்து முடிந்ததாம். அடுத்ததற்குக் காத்திருக்கக் குழந்தைகளுக்குப் பொறுமை இல்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மறு நாளுக்குத் தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தினோம். செலவு அதிகந்தான், மறைப்பானேன்? ஆனால் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஆறு பேருக்குப் பங்கு போட்டால் அவ்வளவு வலிப்பதில்லை. பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டிதானா என்று கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். இளம் தம்பதிகள் இரண்டு பேர் மட்டும் போவதானால் வழிகாட்டி வேண்டாம் என்பேன். வயதானவர்களுடன் ஒரே ஒரு நாளில் பார்க்க வேண்டுமானால் அவசியம் வேண்டும்.

எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயது அம்மாள். விடியற்காலை ஆறு மணிக்கே வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்கு வண்டியுடன் வந்துவிட்டார். ஜூலை மாதந்தான், இருந்தும் மார்கழிக் குளிர். சால்வை இல்லாமல் போகாதீர்கள். நாங்கள் முதல் நாள் போன வழிக்கு நேர் எதிர்த் திசையில் வண்டியைத் திருப்பினார்.

"காலைக் குளிரில் வெந்நீர்க் குளங்களுக்குப் போனால் ஆவி மறைத்துவிடும், ஒரு வர்ணமும் தெரியாது. காலையில் மிருகங்கள், வெயில் ஏறியதும் குளங்கள்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பணம் சரியாகப் போயிற்று.

நாரிஸ் வழியாகப் போய், 308 அடி உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்தோம். படங்களில் பார்த்தது போலவே இருந்தது. பிறகு ஹேடன் பள்ளத்தாக்கில் மறுபடியும் காட்டெருமைகள். இந்தத் தடவை தொலைநோக்கி வைத்து நிதானமாகப் பார்த்தோம். ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் கிலோ வரை இருக்குமாம். ஓடினால் மனிதனைப் போல் மூன்று மடங்கு வேகமாம். இருபத்தைந்து கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு கஜம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்காரர்களுக்குத் தப்பி இந்தப் பூங்காவில் மிஞ்சிய காட்டெருமைகள் இரண்டு டஜன்தான் என்று கேட்டதும், முதல் நாள் அவை மேல் வந்த கோபம் எனக்குத் தணிந்துவிட்டது.

பகல் சாப்பாடு வண்டிக்குள்ளேயே. தயிர் சாதமும் எலுமிச்சம்பழ சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். சாப்பாட்டு டப்பாவை வெளியே வைத்துவிட்டு அகலக் கூடாது; கரடி வரும். இன்னொரு விஷயம்: வழியில் உள்ள கழிவறைகள் பலவற்றில் தண்ணீர் கிடையாது. ஒரு பாட்டில் நீர் கையில் இருக்கட்டும்.

மத்தியானம் ஓல்ட் ஃபெயித்ஃபுல். பெஞ்சியில் சாவகாசமாக உட்கார்ந்தோம். இந்தத் தடவை நேரம் முன்கூட்டியே தெரியும். அதைக் கணிக்கும் வித்தை ரொம்ப எளிது. முன்னால் பாய்ந்தது குறைந்த நேரந்தான் என்றால் அடுத்தது சீக்கிரம் வரும். நாலு நிமிஷம் நின்று பாய்ந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆள் குடத்தைப் பாதி காலி செய்தாரா, முழுக்கக் கவிழ்த்தாரா என்ற கணக்குத்தான்.

கீழே என்ன நடக்கிறது என்பது சமையற்கட்டில் நிற்கும் நமக்குச் சட்டென்று புரியும். இந்த இடம் ஓர் எரிமலையின் வாய். கடைசியாக அது பெரிதாக வெடித்தது சுமார் 6,31,000 ஆண்டுகளுக்கு முன். உருகிய பாறையின் சூடு இன்னும் சில கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதுதான் அடுப்பு. மழையும் பனியும் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகக் கசிந்து இறங்கிய நீர்தான் உலை. மேலே உள்ள தண்ணீரின் பாரம் அழுத்துவதால் கீழே உள்ள நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, பிரஷர் குக்கரில் இருப்பது போல. மேலே வரும் குழாயோ ஓரிடத்தில் குறுகலாக இருக்கிறது. மேல்நீர் கொஞ்சம் தளும்பி வழிந்ததும் பாரம் குறைகிறது. அவ்வளவுதான், அடியில் உள்ள நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மீதி நீரையும் தள்ளிக்கொண்டு கிளம்புகிறது.

அந்த இடம் 7,300 அடிக்கு மேல், ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் ஊட்டியில் பருப்பு வேகவைத்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஓரடி, ஈரடி துள்ளியது. எல்லாரும் காமிராவைத் தூக்கினார்கள். அடங்கிவிட்டது. மறுபடியும் துள்ளியது, மறுபடியும் அடங்கியது. "பால் பொங்கறாப்போல பாவ்லா காட்டுதே!" என்றார் அத்தை. அவர் சொல்லி வாய் மூடவில்லை. வெள்ளைத் தூண் ஒன்று ஹோவென்று எழுந்தது. நூற்றிருபது, நூற்று முப்பது அடி இருக்கும். காற்றில் சாய்ந்து, விரிந்து, திரும்பத் திரும்ப எழும்பி, மூன்று நிமிஷத்துக்கு மேல் நின்றது. பெஞ்சியில் இருந்த எத்தனையோ தேசத்து ஜனங்களும் சேர்ந்தாற்போல் கை தட்டினார்கள். அத்தை கை தட்டவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அங்கிருந்து சற்று தூரத்தில் 'பிளாக் ஸாண்ட் பேஸின்'. கொஞ்சம் நடந்தால் மரகதக் குளம். பெயருக்கு ஏற்ற பச்சை. நீலத் தண்ணீருக்கு அடியில் மஞ்சள் நுண்ணுயிர்கள் படிந்திருப்பதால் இரண்டும் கலந்து பச்சையாகத் தெரிகிறதாம்.

அத்தை அதைப் பார்த்தபடியே கைப்பையைத் திறந்தார். ரெயில் காவிரிப் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியே காசு போடுகிறோமே, அந்தப் பழக்கம். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை ஓங்குவதற்குள் வழிகாட்டி அம்மாள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

பலமாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்நிய மனுஷி கையைப் பிடித்துவிட்டாள் என்று அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. சுற்றிலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக்கூட அந்தக் கணத்தில் கோபந்தான் வந்தது.

பிறகு அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னதை நான் வரிக்கு வரி தமிழாக்கினேன். பக்கத்திலேயே 'மார்னிங் குளோரி' என்று ஒரு குளம் உண்டு. ஒரு காலத்தில், அதே பெயருள்ள பூவைப் போல் அடிவரை நீலமாக இருந்ததாம். வந்தவர் போனவரெல்லாம் ஆசையாகக் காசு போட்டார்கள். 1950-ல் அதன் நீரை இறைத்துப் பார்த்தபோது காசு காசாக வந்தது. கூடவே கைக்குட்டைகள், துண்டுகள், காலுறைகள். அடியில் சுடுநீர் வரும் கண் அடைபட்டுக் குளம் ஆறத் தொடங்கியது. சூடு குறைந்ததும் ஓரத்தில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் நடுவை நோக்கி நகர்ந்துவிட்டன. இந்த மரகதக் குளத்தின் ஓரத்தில் தெரியும் பழுப்பு நிறமும் அதே கதைதான்.

இதே இடத்தில் 'கைக்குட்டைக் குளம்' என்று ஒன்று இருந்ததாம். அழுக்குக் கைக்குட்டையைப் போட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் வெளுத்துத் திருப்பிக் கொடுக்குமாம்! யாரோ கண்டதையும் போட்டு அடைக்கவே, 1920-களில் அது நின்றுபோயிற்று. ஓல்ட் ஃபெயித்ஃபுல்லையும் விட்டுவைக்கவில்லை. 1882-ல் ஜெனரல் ஷெரிடனின் சிப்பாய்கள் அதன் வாயில் துணியைப் போட்டுச் சலவை செய்திருக்கிறார்கள். பருத்தித் துணி பத்திரமாக வந்தது. கம்பளி கந்தலாக வந்தது.

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. "ஆயிரம் பேர் போட்டாங்க, நான் போடப் போனது ஒண்ணே ஒண்ணு" என்று மட்டும் முணுமுணுத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வண்டி வடக்கே போயிற்று. வழியில் 'பிஸ்கட் பேஸின்' என்ற இடத்தைக் காட்டினார். 2024 ஜூலை 23-ந் தேதி காலை அங்கே ஒரு குளம் திடீரென்று வெடித்து, கறுப்புச் சேற்றையும் பாறையையும் வாரி இறைத்தது. மரப்பலகை நடைபாதை நொறுங்கியது. நின்றிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. ஆனால் நடைபாதையை விட்டு இறங்கியவர்கள் கதை வேறு. தரை கெட்டியாகத் தெரியும். அப்பளம் போல் உடையும். கீழே கொதிநீர். இதுவரை இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். 1981-ல் ஓர் இளைஞர், கொதிகுளத்தில் விழுந்த சிநேகிதரின் நாயைக் காப்பாற்றக் குதித்து மறு நாள் இறந்துபோனார். குழந்தைகளுடன் போகிறவர்கள் கையை விடாதீர்கள். இதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக 'கிராண்ட் பிரிஸ்மாடிக்'. வெயில் உச்சியில் இருந்தது, ஆவி கலைந்திருந்தது. நடுவில் மயில் கழுத்து நீலம். அதைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் செம்பழுப்பு. பட்டுச் சேலைக் கடையில் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துப் போட்டது போல. நடுவில் நுண்ணுயிர்களின் வர்ணம் கிடையாது. அங்கே தாங்க முடியாத சூடு. சுமார் 73 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் வெயிலைக் கொண்டு உயிர் வாழும் நுண்ணுயிர்கள் வரமுடியும். ஒவ்வொரு சூட்டுக்கு ஒவ்வொரு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

"இங்கே பக்கத்து ஊற்று ஒன்றில் 1966-ல் தாமஸ் பிராக் என்ற விஞ்ஞானியும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற மாணவரும் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள்" என்றார் அம்மாள். கொதிநீரில் தேடியவர் பெயர் பாருங்கள், ஃப்ரீஸ்! கொதிக்கும் சூட்டிலும் கெடாத அதன் நொதியை வைத்துத்தான், துளியளவு மாதிரியில் இருக்கும் கிருமியின் அடையாளத்தைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் பரிசோதனை சுலபமாயிற்று. அந்த முறையைக் கண்ட கேரி மல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் செய்தார்களே, அந்தப் பரிசோதனைதான்.

நான் மொழிபெயர்த்து முடித்தேன். அத்தை கைப்பிடியே இல்லாத அந்தப் பலகைப் பாதையில் அப்படியே நின்றுவிட்டார்.

"மூக்கிலே குச்சி விட்டாங்களே, அதுவாம்மா?"

"அதுதான் அத்தை."

"எனக்கு இல்லைன்னு வந்தது. உங்க மாமாவுக்கு இருக்குன்னு வந்தது."

அது 2021 மே மாதம். மாமா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. வழிகாட்டி அம்மாள் என்னைப் பார்த்தார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். பேசாமல் அத்தையின் பக்கத்தில் வந்து நின்றார்.

காற்று பலமாக வீசிற்று. குளத்து விளிம்பின் ஆரஞ்சுப் பாசியில் இரண்டு மூன்று தொப்பிகள் விழுந்து கிடந்தன. முன்னால் போனவர்களுடையவை. பூங்கா சிப்பந்திகள் நீளக் கழி கொண்டு வந்து எடுப்பார்களாம்.

அத்தை அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, பேரன் பக்கம் திரும்பினார்.

"டேய், அந்தத் தொப்பியைக் கழட்டிப் பையிலே வை!"