பில்லியன் என்றால் எத்தனை சுழிகள்?

ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இன்றைய ஆங்கில நூல்களில் இது 9.46 டிரில்லியன் கிலோமீட்டர் என்றிருக்கும். ஜெர்மன் நூலைப் புரட்டினாலோ 9.46 பில்லியன் கிலோமீட்டர் என்று காண்போம். இரண்டுமே சரிதான். ஒளியின் வேகம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. மாறுவது 'பில்லியன்' என்னும் சொல்லின் பொருளேயாகும்.

மில்லியனைப் பற்றித் தகராறு இல்லை. எங்கும் அது 10 லட்சமே. 1484-இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தமது நூலில் அதற்கு மேற்பட்ட எண்களின் பெயர்களை வரிசைப்படுத்தினார். 'பி' என்பது இரண்டைக் குறிக்கும். ஆகவே மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன். மீண்டும் ஒருமுறை பெருக்கினால் டிரில்லியன். இம்முறையில் பில்லியன் என்பது 1-ஐ அடுத்து 12 சுழிகள் கொண்டது. பெயருக்கும் எண்ணுக்கும் பொருத்தமான முறை இதுவே என்பது என் கருத்து.

பிற்காலத்தில் பிரான்சிலேயே சிலர் இலக்கங்களை மும்மூன்றாகப் பிரித்து, ஆயிரம் மில்லியனையே பில்லியன் என்றழைக்கத் தொடங்கினர். சுழிகள் 9 ஆகக் குறைந்தன. அமெரிக்கா இதை ஏற்றது. பிரிட்டன் பழைய முறையிலேயே நின்றது. பிறகு நடந்தது வேடிக்கை. 1961-இல் பிரான்ஸ் அரசாணை வாயிலாக 12 சுழிகளை உறுதிசெய்தது. பிரிட்டனோ, 1974-இல் பிரதமர் ஹெரால்டு வில்சன் அறிவித்தபடி, அரசுப் புள்ளிவிவரங்களில் 9 சுழிகளுக்கு மாறியது. இரு நாடுகளும் இடம் மாற்றிக்கொண்டன! ஆகையால் நூலகத்தில் பழைய பிரிட்டிஷ் நூல்களைப் படிக்கும் மாணவர்கள் முதலில் பதிப்பாண்டைப் பார்ப்பது நலம்.

ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவற்றில் இன்றும் 12 சுழிகளே. 100 கோடிக்கு முதல் மூன்று மொழியினரும் 'மில்லியார்டு' போன்ற சொல்லை வைத்திருக்கின்றனர். ஸ்பானியர் பெரும்பாலும் 'ஆயிரம் மில்லியன்' என்பர். ரஷ்யர் மில்லியார்டுக்கு அடுத்து நேரே டிரில்லியனுக்குத் தாவுவர். போர்த்துக்கீசிய மொழி ஒன்றேயாயினும், போர்ச்சுகலில் 12 சுழிகள், பிரேசிலில் 9.

ஆயிரம் மடங்குப் பிழை சிறிதன்று. 1923 நவம்பரில் ஜெர்மனியின் பணவீக்கம் உச்சத்தை அடைந்தபோது, ஓர் அமெரிக்க டாலரின் விலை 4.2 பில்லியன் மார்க். அமெரிக்கப் பொருளில் இதைப் படிப்பவர் 420 கோடி என்று கொள்வார். உண்மையில் அது 4.2 லட்சம் கோடி மார்க்!

அறிவியலாளருக்கு இந்தத் தொல்லை ஆகாது. 1960-இல் அனைத்துலக அலகுமுறையில் 9 சுழிகளுக்குக் 'கிகா', 12 சுழிகளுக்கு 'டெரா' என்னும் முன்னொட்டுகள் ஏற்கப்பட்டன. ஒரு கிகாவாட் மின்திறன் பெர்லினிலும் சிகாகோவிலும் 100 கோடி வாட்தான்.