தூக்கம் எப்படி இருந்தது? செல்போனே கேட்கும்!

சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம், 2010ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் அமர்ந்து பேசினால், சென்னையில் இருக்கும் டாக்டர் வீடியோ கான்பரன்சிங் மூலம் பார்த்து மருந்து சொல்வார். மருந்து பஸ்ஸிலேயே இலவசம்.

தூரம் என்ற பிரச்னைக்கு இது நல்ல தீர்வு. ஆனால் எந்த டாக்டரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன தடவை பார்த்த பிறகு தூக்கம் எப்படி?" நேற்று நன்றாகத் தூங்கியவர் "பரவாயில்லை" என்பார். பத்து நாட்களுக்கு முன் விடிய விடிய விழித்திருந்தது நினைவில் இருக்காது. இந்தப் பதிலை வைத்துத்தான் மருந்தின் அளவு முடிவாகிறது.

டைரி எழுதச் சொல்லலாமே என்கிறீர்களா? அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன் குழுவினர் இதைச் சோதித்து 2002ல் முடிவை வெளியிட்டனர். நாள்பட்ட வலியால் அவதிப்பட்ட 80 பேரில் பாதிப் பேருக்குக் காகித டைரி, மீதிப் பேருக்குக் கையடக்கக் கம்ப்யூட்டர். காகித டைரியின் உறையில் வெளிச்சத்தை உணரும் சென்சார் ஒளிந்திருந்தது. டைரியைத் திறந்தால் நேரம் பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், 90 சதவீதப் பதில்கள் சரியான நேரத்தில் எழுதியதாகக் காட்டின. சென்சார் சொன்னதோ 11 சதவீதம்தான்! டைரியைத் திறக்கவே திறக்காத நாட்களுக்கும் பதில் இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு ரெக்கார்டு நோட்டு எழுதியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கையடக்கக் கம்ப்யூட்டரில் 94 சதவீதம் நேரத்தோடு வந்தன. அது ஒலி எழுப்பி நினைவூட்டும், நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும்.

இந்த வேலையை இப்போது ஸ்மார்ட்போன் செய்கிறது. நாளில் சில முறை கேட்கும், பதிலுக்கு விரலால் தொட்டால் போதும். படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியைக் குரலில் தரலாம். சிக்னல் இல்லாத ஊரில் பதிலைப் போனிலேயே சேமித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே போன். "காதில் குரல் கேட்கிறதா?" என்ற கேள்வி, மருமகள் கையில் இருக்கும் திரையில் எல்லோரும் பார்க்கத் தோன்றினால் என்னாகும்? எனவே திரையில் "கேள்வி வந்துள்ளது" என்று மட்டும் வர வேண்டும். மற்றதெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்த பிறகுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இத்தகைய அப்ளிகேஷனைப் பயன்படுத்துவதாக இருந்தால், முதலில் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று தேதியும் நேரமும் தானாகச் சரியாகும்படி அமைத்துவிடுங்கள்.